இடுப்பில் ஒரு ரிவால்வர் தேவையா?

திண்டுக்கல் சமவெளியில் துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது மாடலை. அதற்கு முன்பு விசாரிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலை. லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிய நேரம். திண்டுக்கல் மாவட்டத்தில் எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். பழைய வேட்டியில் சுற்றிய இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி ஒரு பெரியவர். ரெக்சின் உறையோடு காரிலிருந்து இறங்கும் மில் முதலாளி. வங்கிக் காவலர் ஒருவர், தனக்கு விலக்கு உண்டு என்று கடிதம் காட்டுகிறார். ரைட்டர் பதிவேட்டைத் திறந்து, துப்பாக்கி எண்ணைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து எழுதி, அட்டைச் சீட்டைக் கட்டி, ரசீது தருகிறார். நீளமான துப்பாக்கிகளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கைக்கு அடக்கமான ஒரு ரிவால்வர் மேஜை மீது வந்ததும்தான் சுற்றி நிற்பவர்கள் கிட்டே வருகிறார்கள். ஒரே கேள்வி: “என்ன மாடல்ணே, எவ்வளவு ஆச்சு?”

மாடலும் விலையும் சொல்லிவிடலாம், மாடல்களை இந்தக் கட்டுரையிலும் சொல்கிறோம். ஆனால் அந்த ரிவால்வரை வாங்கியவரின் வீட்டில், தொழிலில், குடும்பத்தில் அதன் பிறகு என்னவெல்லாம் மாறுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. நாம் அதிக இடம் கொடுக்கப்போவது அதற்குத்தான்.

தோட்டத்து வீட்டுப் பயம்

லைசென்ஸ் ஆசை அந்தஸ்துக்காக மட்டும் வருவதில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, அதே போலத் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி. இரண்டு ஊர்களும் நம் மாவட்ட எல்லைக்கு வெளியே இருந்தாலும், பழனி, ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம், தொப்பம்பட்டி பக்கத்து வாழ்க்கை அச்சு அசல் அதே வாழ்க்கைதான். ஊரை விட்டு ஒதுங்கி, கிணற்றடியில் ஒரு வீடு. பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ வெளிநாட்டிலோ. வயதான இருவர், ஒரு நாய், தென்னந்தோப்பு. இந்த வீடுகளில் இருப்பவர்களின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு பக்கம் பணத்தோடு நடமாடும் தொழில்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி கமிஷன் மண்டி, நிலக்கோட்டைப் பூ வியாபாரம், வேடசந்தூர் நூற்பாலைகள், திண்டுக்கல் நகரின் தோல் தொழில், நகைக்கடை, ஃபைனான்ஸ். அதிகாலையிலோ இரவிலோ ரொக்கத்தோடு காரில் போக வேண்டியவர்கள், “சின்னதா ஒண்ணு கூட இருந்தா நல்லது” என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவதாக, சிறுமலை, நத்தம், கன்னிவாடி, ஆத்தூர் மலையடிவார விவசாயிகள். காட்டுப்பன்றியும் காட்டுமாடும் ஒரே இரவில் வெள்ளாமையை அழித்துவிடும். இவர்கள் கேட்பது நீளத் துப்பாக்கி. கைத்துப்பாக்கியால் பன்றியை விரட்ட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட வழிவகுத்தது. ஆனால் சுடும் அதிகாரம் வனத்துறையினருக்குத்தான், தோட்டக்காரருக்கு இல்லை. எனவே, பன்றியைக் காரணம் காட்டி ரிவால்வருக்கு மனுப் போட்டால் அது நிற்காது.

கோட்டை கண்ட ஊர்

இந்த ஊருக்கு ஆயுதம் புதிதல்ல. 1755-ல் மைசூர் அரசின் ஃபௌஜ்தாராகத் திண்டுக்கல் வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச்சாலை அமைத்தது இங்கேதான். 1790-ல் மலைக்கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்ட அதே 1801-ம் ஆண்டின் டிசம்பரில், தென்பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் பிரகடனம் வந்தது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியனுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த அவமானத்துக்குப் பதிலாகத்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் அதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. இன்று நம்மை ஆள்வது 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும். அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் ஏந்துவது யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

■ பெட்டிச் செய்தி: லைசென்ஸ் சுருக்கமாக

● மாவட்டத்தில் லைசென்ஸ் வழங்குபவர் ஆட்சியர். மாநகரக் காவல் எல்லையில் ஆணையர். காவல் துறை அறிக்கை கட்டாயம்.
● வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.
● தொழில் காரணமாகவோ வேறு வகையிலோ உயிருக்கும் உடைமைக்கும் உண்மையான பாதுகாப்புத் தேவை இருப்பவர், துப்பாக்கி சுடும் சங்கத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தீவிர உறுப்பினராக இருக்கும் விளையாட்டு வீரர், பாதுகாப்புப் படையில் பணியாற்றியவர் ஆகியோரின் மனுக்களை விதிகள் கருத்தில் கொள்கின்றன.
● 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் (முன்பு 3). லைசென்ஸ் காலம் 5 ஆண்டுகள் (முன்பு 3).
● லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டுகள்.
● கல்யாணம், திருவிழாவில் மகிழ்ச்சிக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சின்னது என்றால் நல்லதா?

சினிமா பார்த்துவிட்டு 9 எம்.எம். பிஸ்டல் கேட்பவர்கள் முதலிலேயே அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். 9 எம்.எம்., .38, .45 எல்லாம் ராணுவ, போலீஸ் ரகங்கள். பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. சாமானியருக்குக் கிடைக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32, அல்லது அதைவிடச் சிறிய .22. வெளிநாட்டு இறக்குமதி 1980-களின் நடுவிலேயே பொதுமக்களுக்கு அடைபட்டுவிட்டது. சந்தையில் சுற்றும் பழைய வெப்லி, வால்தர் எல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு. தரத்துக்குச் சம்பந்தமே இல்லாத விலையில் கைமாறுகின்றன.

உள்நாட்டில் அரசு நிறுவனமான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். முக்கிய உற்பத்தியாளர். 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது பிறந்தது. கான்பூரில் தலைமையகம். நமக்குப் பக்கத்தில் திருச்சியில் இருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலையும் இதன் கீழ்தான். இவர்களின் .32 ரிவால்வர்தான் நாடு முழுக்க அதிகம் கண்ணில் படுவது.

ரிவால்வரா, பிஸ்டலா? ரிவால்வரில் ஆறு தோட்டா; எத்தனை இருக்கிறது என்று திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி டிரிக்கரை இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். ஆனால் உருளை தடிமன், சட்டைக்குள் புடைக்கும். டிரிக்கர் இழுப்பு கனமாக இருக்கும். பிஸ்டல் தட்டையானது, இடுப்பில் உறுத்தாது. அசானி .32 பிஸ்டலின் மேகசினில் எட்டுத் தோட்டா போகும். சிக்கல் ஒன்று உண்டு, அது உயிர்ச் சிக்கல்: மேகசினைக் கழற்றிய பிறகும் குழலின் அடி அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். “காலியாத்தான் இருக்கு” என்று நம்பித் துடைக்கும்போது வெடிக்கும் விபத்துகளில் பல இந்த ஒரு தோட்டாவால் வருபவை. ஸ்லைடை இழுத்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் பிஸ்டலைத் தொடக் கூடாது.

எடை குறைவு என்பது கடைக்காரர் முதலில் சொல்லும் பெருமை. இடுப்புக்கு அது சுகம், மணிக்கட்டுக்கு இல்லை. ஒரே தோட்டாவை லேசான துப்பாக்கியில் சுட்டால் உதைப்பு கூடுதலாகத் தெரியும். உதைப்புக்குப் பயந்தவர் டிரிக்கரை இழுக்கும் முன்பே கையைச் சுளிப்பார். குண்டு கீழே போகும். குழல் குட்டையாக இருந்தால் இன்னொரு சங்கடம். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். குறி பார்ப்பதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். விளம்பரத்தில் 50 மீட்டர் என்று போட்டிருக்கலாம். பயிற்சி இல்லாத கையில் இந்தக் குட்டைக் குழல்கள் ஓர் அறையின் நீளத்தைத் தாண்டி நம்பகமானவை அல்ல.

நம் தீர்ப்பைக் கேட்டால்: இருப்பவற்றில் மிகச் சிறியதை வாங்காதீர்கள். சுண்டுவிரல் உட்பட விரல்கள் முழுதாகப் பிடியில் அடங்க வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிக்கரில் சிரமமில்லாமல் உட்கார வேண்டும். வெறும் துப்பாக்கியை நீட்டிப் பிடித்து டிரிக்கரை இழுக்கும்போது முன் குறி ஆடாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றும் கடையில் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் ஊர்க் கடையில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் தோட்டா எது என்பதை மாடலுக்கு முன்பே கேளுங்கள். லைசென்ஸில் தோட்டாவுக்கும் உச்சவரம்பு உண்டு. பயிற்சிக்கே தோட்டா கிடைக்காத துப்பாக்கி வீண் செலவு.

■ பெட்டிச் செய்தி: சந்தையில் உள்ளவை

● பிரபல் (2023): .32 ரிவால்வர். பக்கவாட்டில் திறக்கும் உருளை. குழல் 76 மி.மீ., எடை சுமார் 700 கிராம்.
● நிர்பீக் (2014): டைட்டானியம் கலவையில் செய்த .32 ரிவால்வர், சுமார் 500 கிராம். பெண்களின் பாதுகாப்புக்கென்று அறிமுகமானபோது விலை 1.22 லட்சம் ரூபாய்க்கு மேல். பெண்களுக்கு எட்டாத விலை என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.
● நிடர்: .22 ரிவால்வர், சுமார் 250 கிராம்.
● அசானி: .32 பிஸ்டல், 8 தோட்டா மேகசின்.

மறைத்து எடுத்துப் போகலாமா?

லைசென்ஸில் தற்காப்புக்கு என்று இருந்தால் எடுத்துச் செல்லலாம். பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்குரிய உறைக்குள், முழுக்கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதற்கே தடை இருக்கிறது. செல்ஃபி, ரீல்ஸ், கல்யாண மண்டப வேடிக்கை எதுவும் கூடாது. உறையில்லாமல் பேன்ட் இடுப்பில் செருகிக்கொண்டு டூவீலரில் போவது சட்டப்படியும் தப்பு, தொடைக்கும் ஆபத்து.

அதைவிட, எங்கே போகக் கூடாது என்பது நம் மாவட்டத்தில் முக்கியம். திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குள் துப்பாக்கியோடு நுழையக் கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனை. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரைக் கூட்டம் ஒட்டன்சத்திரம் சாலை முழுக்க நடக்கும்போது, இடுப்பில் ரிவால்வரோடு அந்தக் கூட்டத்தில் கலப்பவர் நிபந்தனையை மீறுகிறார். மகளைக் கல்லூரியில் விடப் போகிறவரும் அப்படித்தான். கோயிலுக்கும் கல்லூரிக்கும் போகும் வழியில் காரில் விட்டுவிட்டுப் போனால், காரோடு துப்பாக்கியும் திருடுபோக வழி. லைசென்ஸ் மாவட்டத்துக்கா, மாநிலத்துக்கா, நாடு முழுமைக்குமா என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். கேரளச் சந்தைக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகும் வியாபாரி அந்த வரியைப் படிக்காமல் எல்லை தாண்டினால், பாதுகாப்புக்கு வைத்திருந்ததே வழக்காகிவிடும்.

சுட்ட பிறகு

2020 நவம்பரில் பழனியில் நடந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். நிலத் தகராறு. பேச்சு முற்றியது. பட்டப்பகலில் கைத்துப்பாக்கி வெளியே வந்தது. இருவர் மீது குண்டு பாய்ந்தது. ஒருவர் சிகிச்சையில் இருந்தபோது இறந்துபோனார். அங்கே கொள்ளையன் யாரும் வரவில்லை. வேலித் தகராறு, வரப்புத் தகராறு, பங்காளித் தகராறு நம் ஊர்களில் வாரம் ஒன்று நடக்கும். கைகலப்போடு முடியும், மறுவாரம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். இடையில் துப்பாக்கி வந்துவிட்டால் பேச ஆள் மிஞ்சுவதில்லை. முன்கோபம் உள்ளவர், குடிப்பழக்கம் உள்ளவர், சொத்து வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர் லைசென்ஸ் மனுவைக் கையில் எடுக்கும் முன்பு வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

உண்மையிலேயே கொள்ளையன் வந்து, உண்மையிலேயே சுட்டாலும் கதை அங்கே முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உயிர் போகும் என்றோ கொடுங்காயம் ஏற்படும் என்றோ நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ஓடுகிறவனின் முதுகில் சுட்டதைத் தற்காப்பு என்று நிரூபிப்பது மிகக் கடினம். துப்பாக்கி, தோட்டா, லைசென்ஸ் எல்லாம் கைப்பற்றப்படும்; தடயவியல் ஆய்வு, வாக்குமூலம், வாய்தா என்று வருடங்கள் போகும்.

தோட்டத்து வீட்டுக்கே திரும்புவோம். அறுபத்தைந்து வயது, நள்ளிரவு, நாய் குரைக்கிறது. எழுந்து, கண்ணாடி தேடி, பீரோச் சாவி தேடி, துப்பாக்கி எடுத்து, தோட்டா போட்டு, இருட்டில் நிற்பவன் திருடனா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துப் பையனா என்று பார்த்துச் சுட வேண்டும். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் துப்பாக்கி பேரனின் கைக்கும் எட்டும். பூட்டி வைத்த துப்பாக்கி அந்த நிமிடத்தில் உதவாது. இந்த முரணுக்கு எந்தக் கம்பெனியின் எந்த மாடலிலும் விடையில்லை. கம்பிக் கதவு, வெளிச்சம், கேமரா, பக்கத்துத் தோட்டங்களோடு இணைந்த வாட்ஸ்அப் குழு, இரவு ரோந்து இவற்றுக்குச் செலவழிக்கும் பணமும் போராட்டமும்தான் இந்த முதியவர்களை உண்மையில் காக்கும் என்று நாம் நம்புகிறோம். ரோந்து வேண்டும் என்று ஊராட்சி முழுக்கச் சேர்ந்து மனுக் கொடுத்தால், தனித்தனி லைசென்ஸ் மனுக்களைவிட அதற்குப் பலம் அதிகம்.

வீட்டுக்குள் இருக்கும் இன்னோர் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. கடன், நோய், மனச்சோர்வு என்று தவிக்கும் ஒருவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கவே கூடாது. மற்ற வழிகளில் உயிரை மாய்க்க முயன்றவர்களில் பலரை மருத்துவர்கள் மீட்டுவிடுகிறார்கள். துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைப் பெரும்பாலும் தருவதில்லை. வீட்டில் நிலைமை மாறிவிட்டால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க சட்டத்தில் இடமுண்டு. மனம் விட்டுப் பேச 104 எண்ணும், டெலிமானஸ் 14416 எண்ணும் இருக்கின்றன.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு நம் ஊருடையது. அந்த ஊரிலும் துப்பாக்கியைத் தலையணைக்கடியில் வைப்பவர்கள் இருக்கக் கூடாது. சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, இரண்டுக்கும் வேறு வேறு சாவி.

சுடுதளத்துக்கு வாருங்கள்

துப்பாக்கி மீது உண்மையான ஈடுபாடு உள்ளவருக்கு மகிழ்ச்சியான வழி ஒன்று திறந்தே இருக்கிறது. மதுரையிலும் திருச்சியிலும் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. நடிகர் அஜித்குமார் 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் கலந்துகொண்டு பதக்கங்கள் வென்றபோது, இந்த விளையாட்டைப் பற்றி நம் பக்கத்து இளைஞர்கள் நிறைய விசாரித்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் வென்ற வெண்கலம் அடுத்த உந்துதல். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானும் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே பாரிஸில் இந்தியாவுக்காகச் சுட்டவர்கள்.

.177 குழலுக்கு மிகாமல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. குண்டு விலையும் குறைவு. போட்டியில் 10 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சட்டைப் பொத்தான் அளவு. மூச்சு, நிற்கும் நிலை, விரல் அழுத்தம் மூன்றும் இணையாமல் அதைத் தொட முடியாது. .32 ரிவால்வருக்குத் தேவையான அத்தனை அடிப்படையும் இதிலேயே வந்துவிடும்: குழல் எப்போதும் இலக்கை நோக்கியே, சுடும் வரை விரல் டிரிக்கருக்கு வெளியே, எந்தத் துப்பாக்கியும் தோட்டா உள்ளதாகவே பாவிக்கப்படும். சில மாதம் சுட்ட பிறகு பலருக்கு இடுப்புத் துப்பாக்கி மோகம் தணிந்துவிடும். தணியாதவருக்கு, இரண்டு ஆண்டுத் தீவிர உறுப்பினர் என்ற தகுதி லைசென்ஸ் மனுவுக்கே வலுச் சேர்க்கும்.

தாத்தாவின் துப்பாக்கி

இன்று மாவட்டத்தில் லைசென்ஸ் வைத்திருக்கும் பலர் முதியவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்தத் துப்பாக்கி என்னாகும் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், அவருடைய லைசென்ஸின் பேரில் பிள்ளை துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது. தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம், சொத்துப் பேச்சு என்று ஆறு மாதம் பீரோவில் கிடந்தால், லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு வரும்.

இதற்கு 2016 விதிகளிலேயே வழி இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி வாங்கி 25 ஆண்டுகள் கடந்துவிட்டாலோ, எது முந்துகிறதோ அப்போதே, உயிரோடு இருக்கையிலேயே தகுதியுள்ள வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வாரிசுக்கு விருப்பமில்லை என்றால் விற்றுவிடலாம், ஒப்படைத்துவிடலாம். அடுத்த தேர்தலில் ரசீது வாங்க வரிசையில் நிற்கும்போது, அந்த விண்ணப்பத்தைப் பற்றியும் ரைட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.